ஆத்தங்குடிப் பூக்கல்: எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது

சென்னையில் புதிதாக ஒரு காபிக் கடை திறந்தால் தரையில் ஆத்தங்குடிக் கல், அதாவது காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் வார்க்கிற பூப்போட்ட சிமெண்டுத் தரைக்கல், கிடக்கிறது. பெங்களூரு பக்கம் வில்லா கட்டுகிறவர்கள் முகப்புக்கு அதைத்தான் கேட்கிறார்கள். காரைக்குடியிலோ கதை வேறு. 2024-இல் ஊர் மாநகராட்சி ஆன கையோடு எழும்பும் புதுவீடுகளில் பலவற்றில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் பளபளக்கிறது. வெளியூர்க்காரர் நம் தரையைக் கேட்டு இங்கே வருகிறார், நாம் குஜராத்தின் மொர்பி டைல்ஸைக் கேட்டுக் கடைக்குப் போகிறோம்.

இன்னொரு பக்கம், அந்தக் கல் பதித்த பழைய வீடுகள் இடிந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்ததில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் பத்துப் பன்னிரண்டு பங்காளிக்குப் பாத்தியமான வீட்டில் ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்ற கேள்விக்கு எந்தப் பட்டியலும் பதில் சொல்லாது. வீடு இறங்கினால் பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்குப் போகும். தரை மட்டும் போகாது. சுண்ணாம்புக் காரையில் இறுகிப்போன கல்லைப் பெயர்த்தால் பெரும்பாலும் மூலை உடைந்துதான் வரும். ஆகவே 'பழைய ஆத்தங்குடிக் கல்' என்று யாராவது நூற்றுக்கணக்கில் அடுக்கி விற்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நம் கைக்கு வருவது புதுக்கல். இங்கே பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். இது சூளையில் சுட்ட டைல்ஸ் இல்லை. அழுத்த எந்திரமும் கிடையாது. சிமெண்டும் மணலும் ஆக்சைடு நிறமும் சேர்ந்து, தண்ணீரில் ஊறி, தானாக இறுகுவது. பளபளப்பு வருவது கண்ணாடியில் இருந்து. பட்டறையில் ஒரு கல் உருவாவதை நின்று பார்த்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். துடைத்த கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தடுப்புகள் வைத்த கைப்பிடி அச்சு. வெள்ளைச் சிமெண்டில் நிறம் கலந்த குழம்பைச் சிறு கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார்கள், சிவப்புக்குத் தனிக் கரண்டி, மஞ்சளுக்குத் தனிக் கரண்டி. அச்சை நேராக மேலே தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். தூக்குகிற கை ஒரு நூல் அளவு சாய்ந்தாலும் இதழின் ஓரம் நெளியும். அதன் மேல் ஈரமில்லாத சிமெண்டு மணல் கலவையைத் தூவுகிறார்கள். நிறக் குழம்பில் மிஞ்சிய தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். கடைசியாக ஈரக் கலவையை நிரப்பிக் கரண்டியால் வழித்துச் சட்டத்தை எடுக்கிறார்கள். பிறகு நிழலில் வைத்து, தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, காயவைக்கிறார்கள். கண்ணாடி விலகும்போது கல்லின் முகம் கண்ணாடியைப் போலவே வழவழப்பாக வரும்.

நல்ல கல்லையும் மோசமான கல்லையும் பிரிப்பது அந்தத் தொட்டிதான். சிமெண்டு முழு பலம் பிடிக்க 28 நாள் ஆகும். ஏழு நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் வரும். ஆர்டர் நெருக்கும்போது பட்டறைக்காரர் கை வைக்க முடிகிற ஒரே இடம் இந்த ஊறல் நாள்தான். அச்சைத் தூக்குவதையோ நிறம் ஊற்றுவதையோ வேகப்படுத்த முடியாது. ஊறல் குறைந்த கல் பார்வைக்கு எந்த வித்தியாசமும் காட்டாது. வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம் ஓரம் பொடியும், நடக்கும் தடத்தில் பளபளப்பு செத்துப்போகும். அதனால் எத்தனை நாள் தொட்டியில் கிடந்தது என்று கேட்பதோடு, என்றைக்கு வார்த்தது என்றும் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும், வாங்கிய கல்லை உங்கள் இடத்தில் நிழலில் ஒரு மாதம் வைத்திருந்து பதிப்பது நல்லது. இதற்குச் செலவே கிடையாது, இருந்தும் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை.

பட்டறையில் என்ன பார்க்க வேண்டும்? இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசலோ ஈரமோ இருக்கிறது. முகத்தோடு முகம் சேர்த்து வைத்து மூலையை அழுத்துங்கள், ஆடினால் கல் வளைந்திருக்கிறது. ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்தால் முகத்தில் கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். பலமுறை உபயோகித்துக் கோடு விழுந்த கண்ணாடியின் கோடு அப்படியே கல்லுக்கு வந்துவிடும், பிறகு எந்தப் பாலீஷும் அதை எடுக்காது. உடைந்த கல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பக்கவாட்டில் நிறத்தின் தடிமனைப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், பூச்சு மாதிரித் தெரிந்தால் வேண்டாம். பத்துக் கல்லை அடுக்கி நான்கு பக்கமும் விரலை ஓட்டினால் அளவு பிசகுவது தெரிந்துவிடும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் கைவேலையில் இருக்கத்தான் செய்யும். அதற்கு மேல் போனால் நூல் பிடித்துப் பதிக்க முடியாது.

நிறத்தில் காவிச் சிவப்பு, மஞ்சள், கறுப்பு மூன்றும் இரும்பு ஆக்சைடு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பச்சையில் குரோமியம் ஆக்சைடு என்றால் நிற்கும். நீலத்தில்தான் கவனம் வேண்டும். சிமெண்டின் சுண்ணாம்புக் காரம் தாங்காத நீலங்கள் உண்டு, சில மாதத்தில் சாம்பல் தட்டிப்போகும். மாதிரிக் கல் ஒன்றை வாங்கிப் பாதியை அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயிலில் போட்டால் வெயிலுக்கு வெளுக்கிற நிறமா என்பது தெரிந்துவிடும்.

கணக்குக்கு வருவோம். 10 அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 144 வேண்டும், 8 அங்குலம் என்றால் 225, 12 அங்குலம் என்றால் 100. நேராகப் பதிக்க 5 சதவீதமும், மூலைவாட்டில் பதிக்க 10 சதவீதத்துக்கு மேலும் கூடுதலாக வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் வார்க்கிற சிவப்பு இந்த மாதச் சிவப்பு ஆகாது, நிறத்தைக் கையால்தானே அளக்கிறார்கள். முக்கால் அங்குல தடிமனுள்ள 10 அங்குலக் கல் ஒன்று ஏறத்தாழ இரண்டரை கிலோ இருக்கும். 500 சதுர அடி ஹாலுக்குக் கிட்டத்தட்ட 2 டன். குட்டி யானை வண்டி ஒரே நடையில் தாங்காது, மூன்று நடை ஆகும். கல்லின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வண்டியில் கல்லைப் படுக்கவைக்கக் கூடாது. குத்துவாக்கில், முகத்தோடு முகம் பார்த்து, நடுவில் வைக்கோல் கொடுத்து அடுக்க வேண்டும். இறக்கும்போது ஈர வைக்கோல் இருந்தால் உடனே அகற்றுங்கள், வெளிர் நிறக் கல்லில் அதன் பழுப்புச் சாயம் இறங்கிவிடும்.

இனி பதிப்பு. ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி வரும் புகாரில் பெரும்பங்கு கல்லின் புகாரே அல்ல. டைல்ஸ் ஒட்டிப் பழகிய கொத்தனார் இதையும் டைல்ஸ் என்று நினைத்துச் செய்ததன் பலன். பட்டறையிலேயே பதிப்புக்கும் ஆள் அனுப்புவார்களா என்று கேளுங்கள். கூலி கூடினாலும் அதுதான் லாபம்.

முதல் பிசகு தரைமட்டத்தில் நடக்கும். கல் 20 மில்லிமீட்டர், அதன் கீழே கலவை 30 முதல் 40 மில்லிமீட்டர், ஆகக் கூடி இரண்டு முதல் இரண்டரை அங்குலம். பசையில் ஒட்டும் டைல்ஸுக்கு முக்கால் அங்குலம் விட்டால் போதும் என்பதால், நிலை வைக்கும்போதே இதைச் சொல்லாவிட்டால் கடைசியில் கதவின் அடியை அறுக்க வேண்டிவரும். தேக்குக் கதவை அறுக்கிற சத்தம் கேட்கச் சகிக்காது. பசையில் இந்தக் கல்லை ஒட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கல்லுக்குக் கல் தடிமன் மாறும், மெல்லிய பசையில் அந்த ஏற்ற இறக்கத்தை நிரவ முடியாது. கலவைதான் சரி. ஒரு பங்கு சிமெண்டு, ஆறு பங்கு சலித்த மணல், பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு மட்டும் ஈரம். மணலிலோ தண்ணீரிலோ உப்பு இருந்தால் அத்தனையும் பின்னால் கல்லின் முகத்தில் வெள்ளையாகப் பூக்கும். போர்த் தண்ணீர் சவரென்றால் இந்த வேலைக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் லாரி சொல்லிவிடுங்கள்.

கல்லை முழுக்கத் தண்ணீரில் முக்க வேண்டாம். பின்பக்கத்தை மட்டும் ஸ்பாஞ்சால் நனைத்து, சிமெண்டுப் பால் தடவி வையுங்கள். நனைக்காவிட்டால் காய்ந்த கல் பாலின் தண்ணீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு வராது, நடந்தால் டொக்கென்று கேட்கும். வைத்த பிறகு கட்டையாலோ ரப்பர் சுத்தியாலோ தட்டுவது கூடவே கூடாது. நடுவில் தட்டினால் மயிரிழை விரிசல் விழும், அது அன்றைக்குத் தெரியாது, அழுக்கு ஏறிய பிறகு சிலந்தி வலை மாதிரித் தெரியும். உள்ளங்கையால் அழுத்தி, ரசமட்டம் வைத்து, தாழ்ந்தால் எடுத்துக் கலவை போட்டு மறுபடி வைப்பதுதான் வழி. அதனால்தான் வேலை மெதுவாக நடக்கும். சதுர அடிக் கணக்கில் காண்ட்ராக்ட் கொடுத்தால் தட்டத்தான் செய்வார்கள், நாள்கூலி பேசுங்கள்.

கல்லும் கல்லும் முட்டக் கூடாது. ஏடிஎம் கார்டு நுழையும் இடைவெளி போதும். ஒட்டிவைத்தால் வெயில் காலத்தில் ஓரம் சிதறும், அகலமாக விட்டால் பூ பிரிந்து நிற்கும். ஜாயிண்ட் அடைப்பதற்கு முன் முகத்தில் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவிவிடுங்கள். இல்லையென்றால் கறுப்புச் சிமெண்டுப் பால் வெள்ளைக் கல்லின் துளையில் இறங்கி நிரந்தரமாகத் தங்கிவிடும். அடைப்புக்குக் கல்லின் நிறத்திலேயே ஆக்சைடு கலந்த வெள்ளைச் சிமெண்டைப் பட்டறையில் கேட்டு வாங்கலாம். வழிந்ததைக் காயும் முன்னே துடைத்துவிட வேண்டும். காய்ந்த சிமெண்டை எடுக்க ஆசிட் ஊற்றுவது டைல்ஸ் வேலையில் வழக்கம். இங்கே ஊற்றினால் கல்லின் தோலே கரைந்துபோகும். மொசைக் மாதிரி மெஷின் போட்டுத் தேய்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கண்ணாடி கொடுத்த அந்த முகம் ஒரு தடவைதான் கிடைக்கும்.

பூ வரிசைக்கு முன்கூட்டியே தாளில் கோடு போடுங்கள். 12 அடிக்கு 10 அடி அறையில் 10 அங்குலக் கல் நீளவாக்கில் பதினான்கு போக 4 அங்குலம் மிஞ்சும். அதை இரு சுவருக்கும் பிரித்தால் 2 அங்குலப் பட்டை, வெட்டும்போதே பாதி உடையும். ஒரு வரிசையைக் குறைத்துப் பதின்மூன்று பூக்கல் வைத்தால் இரு பக்கமும் 7 அங்குலம் வரும், அதில் பூவில்லாத சிவப்பைப் போடலாம். பழைய வீடுகளில் சுவரோரம் சிவப்பு ஓடுவது அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பதிப்பு கடைசி வேலையாக இருக்கட்டும். பெயிண்ட், வயரிங், தச்சு எல்லாம் முடிந்த பிறகு. அப்படி முடியாத இடத்தில் டைல்ஸ் மேல் பிளாஸ்டிக் விரித்துப் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) போட்டு மூடுகிற பழக்கம் இருக்கிறதே, அதை இங்கே செய்யாதீர்கள். கீழிருந்து ஈரம் மேலே வர வழியில்லாமல் திட்டுத் திட்டாக வெளுக்கும். பதித்து முதல் சில வாரம் எப்படியும் கொஞ்சம் வெள்ளை பூக்கும். சிமெண்டில் மிஞ்சிய சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து காற்றுப் பட்டு வெளுப்பது அது. ஈரத் துணியால் தினம் துடைத்தால் குறைந்துகொண்டே வரும். மெருகுக்கான எண்ணெயை ஈரம் முழுக்க அடங்கிய பிறகே போட வேண்டும். 100 சதுர அடிக்கு 50 மில்லி தேங்காய் எண்ணெய் தாராளம். தவிட்டைத் துணியில் பொட்டணமாகக் கட்டித் தேய்த்து எடுத்தால் மிஞ்சிய எண்ணெயும் போய்விடும். அதிகமாக ஊற்றினால் பளபளப்பு வராது, தூசிதான் ஒட்டும். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர் மாப் போதும். நடக்க நடக்க மெருகேறும் என்று பட்டறைக்காரர் சொல்வது விற்பனைப் பேச்சு அல்ல, உண்மைதான்.

எங்கே போடலாம் என்றால் ஹால், பட்டாலை (உட்காரும் மேடைக் கூடம்), படுக்கையறை, பூஜை அறை, கூரை போட்ட முகப்பு. வெயில் காலத்தில் வெறுங்காலில் நடந்தால் அருமை தெரியும். நடுவீட்டுக் கோலத்துக்கு இதைவிட நல்ல தரை கிடையாது, அரிசி மாவுக் கோலம் மறுநாள் துடைத்தால் போய்விடும். கோலத்துக்கு வெள்ளைப் பெயிண்ட் மட்டும் வேண்டாம்.

அடுப்படிக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. செட்டிநாட்டுச் சமையலில் புளியும் எலுமிச்சையும் தயிரும் இல்லாத நாள் எது? புளிப்பு எதுவானாலும் சிமெண்டை அரிக்கும், ரசம் சிந்தி அரை மணி நேரம் கிடந்தால் அந்த வட்டம் மங்கிப்போகும். மஞ்சள் இன்னும் மோசம். புதுக்கல்லில் மஞ்சள் தண்ணீர் பட்டால் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதி. குளியலறையில் சவர்த் தண்ணீரும் பாத்ரூம் ஆசிடும் சேர்ந்து ஒரே வருடத்தில் முகத்தைக் கெடுக்கும். மழை அடிக்கும் வளவு (வீட்டின் நடுமுற்றப் பகுதி), மொட்டைமாடி, கார் நிறுத்துமிடம், எதற்கும் ஆகாது. பழைய வீடுகளிலேயே வளவின் திறந்த முற்றத்தில் கருங்கல்தான் பாவியிருப்பார்கள், பூக்கல் அதைச் சுற்றி ஓடும் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். கேஸ் சிலிண்டரை உருட்டாமல் இழுக்கிற வீடு, வாடகைக்கு விடுகிற வீடு, இவற்றுக்கும் வேண்டாம்.

அந்த இடங்களுக்கு 'ஆத்தங்குடி டிசைன்' என்று விற்கிற அச்சடித்த செராமிக் டைல்ஸைப் போடுவதில் தப்பே இல்லை. ஆசிட் தாங்கும், எடை குறைவு, விலையும் கைக்கு அடக்கம். அதை ஆத்தங்குடி என்று சொல்லி விற்பதில்தான் தப்பு. கண்டுபிடிப்பது எளிது. திருப்பிப் பாருங்கள். செராமிக்கின் முதுகில் கட்டம் கட்டமாக வரியும் கம்பெனிப் பேரும் இருக்கும், தடிமன் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கும். நம் கல்லின் முதுகு சொரசொரவென்று, கரண்டி இழுத்த தடத்தோடு இருக்கும். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் முதுகில் ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர் விடுங்கள். சிவந்தால் சிமெண்டு, மஞ்சளாகவே நின்றால் செராமிக்.

ஆர்டர் கொடுக்கத் தைக்குப் பிறகு, வைகாசிக்குள் நல்ல காலம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பட்டறை முற்றத்தில் வெயில் இருக்காது, கல் காயாது, கேட்ட தேதிக்கு வரவும் வராது. வந்த பிறகு, ஒவ்வொரு பூவிலும் பத்துக் கல்லை எடுத்துப் பரணில் குத்துவாக்கில் வைத்துவிடுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதே அச்சு கிடைக்கலாம், அதே சிவப்பு கிடைக்காது.